ஊட்டிக்குப் போக வேண்டாம், கொரங்காடு பக்கத்திலேயே இருக்கு: வெள்ளகோவிலைச் சுற்றி குழந்தைகளோடு என்னென்ன பார்க்கலாம்?

வாரம் ஆறு நாளும் தறிச் சத்தம், மில் ஷிப்ட், ஸ்கூல் வேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் ஒரே கேள்வி: "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க." வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதற்கு வழக்கமான பதில் ஊட்டி அல்லது கொடைக்கானல். ஆனால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் கட்டாயம். பாஸ் கிடைத்தாலும் போக வர மலைப்பாதை, டிராபிக். ஒரு நாள் லீவில் பாதி ரோட்டிலேயே போய்விடும்.

இத்தனைக்கும் வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில் இருந்து டூவீலரில் பத்து நிமிடம் எந்தப் பக்கம் போனாலும், ஊட்டியில் பார்க்க முடியாத ஒரு இடம் இருக்கிறது. டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை. அதுதான் கொரங்காடு. "அங்க என்ன இருக்கு, வெறும் முள்ளு மரம்தானே" என்று உள்ளூர்க்காரர்களே சொல்லும் இடம்தான். ஆனால் அந்த முள் மரத்தடியில் இருப்பதைப் பார்க்க வெளியூரில் இருந்து கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள்.

கொரங்காடு என்றால் என்ன?

பெயரில் காடு இருந்தாலும் இது வனத்துறை காடு இல்லை. விவசாயிகளின் சொந்தப் பட்டா நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் இங்கே மழை குறைவு. பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். வருஷம் முழுக்க வெள்ளாமை செய்ய முடியாத மண்ணை என்ன செய்வது? மேய்ச்சலுக்கு விட்டார்கள். தலைமுறை தலைமுறையாக விட்டார்கள்.

கொரங்காட்டுக்கு மூன்று அடையாளம் உண்டு. முதலாவது வேலி. கம்பி வேலியோ காம்பவுண்டோ கிடையாது, கிளுவை. மழைக்காலத்தில் கிளுவைப் போத்தை வரிசையாக நட்டுவிட்டால் வேர் பிடித்து, முள்ளும் கிளையும் பின்னி, ஆடு கூட நுழைய முடியாத உயிர்வேலி ஆகிவிடும். இரண்டாவது, உள்ளே தரையில் கொழுக்கட்டைப்புல். வெயிலில் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் நாலைந்து நாளில் துளிர்த்துவிடும். மூன்றாவது, நடுவில் அங்கங்கே நிற்கும் வெள்வேல் மரம். கடும் கோடையில் புல் இல்லாதபோது இதன் நெற்றுதான் ஆடுகளுக்குத் தீவனம், இதன் நிழல்தான் மாடுகளுக்கு வீடு.

காங்கேயம் காளை உருவானது இந்த நிலத்தில்தான். மேச்சேரி செம்மறி ஆடுகளும் இங்கேதான் மேய்கின்றன. புல்லும் மரமும் கால்நடையும் ஒரே இடத்தில் இருந்தால் பூச்சி வரும். பூச்சி இருந்தால் பறவை வரும். எலியும் ஓணானும் இருந்தால் பருந்தும் பாம்பும் வரும். யாரும் திட்டம் போட்டு உருவாக்காத ஒரு சரணாலயம் என்றே இதைச் சொல்லலாம். ஒரே வித்தியாசம், இதற்குப் பாதுகாப்பு தருவது அரசாணை இல்லை, ஆடு மாடு வளர்ப்பதில் வரும் வருமானம்.

காலை 6 மணி முதல் 8 மணி வரை

கொரங்காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, டிபன் சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குக் கிளம்புவது. அந்த நேரத்தில் வெயில் ஏறி எல்லாம் நிழலுக்குப் போயிருக்கும். பால் கறக்கும் நேரத்துக்கே கிளம்ப வேண்டும். வெள்ளகோவிலில் இருந்து முத்தூர், மூலனூர், ஓலப்பாளையம் போகும் வழிகளில் மெயின் ரோட்டை விட்டு ஏதாவது ஒரு கிராமச் சாலைக்குள் திரும்பி, கிளுவை வேலி தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டினால் போதும். இறங்கி நடக்கக்கூட வேண்டியதில்லை.

முதலில் காதில் விழுவது கவுதாரி. ஒன்று கத்த ஆரம்பித்தால் நாலு பக்கமும் பதில் வரும். கண்ணில் படுவது கஷ்டம். வேலியோரம் குடுகுடுவென்று ஓடிப் புல்லுக்குள் மறைந்துவிடும். மயிலைத் தேட வேண்டியதே இல்லை. தந்திக் கம்பியில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் கரிச்சான், பஞ்சுருட்டான், பனங்காடை மூன்றும் நிச்சயம் சிக்கும்.

இதில் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியது பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு நிறப் பறவை, அவ்வளவுதான். பறக்க இறக்கையை விரித்த நொடியில் இரண்டு விதமான நீலம் பளிச்சென்று தெரியும். முதல் தடவை பார்க்கும் குழந்தை கண்டிப்பாகக் கத்தும். ஒடிசாவில் இருந்து இந்தப் பகுதி மில்களுக்கு வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கும் இது பழகிய பறவைதான்: ஒடிசா, கர்நாடகா, தெலங்கானா மூன்று மாநிலங்களுக்கும் பனங்காடைதான் மாநிலப் பறவை.

மாடு மேயும் இடத்தில் இன்னும் சுவாரஸ்யம். மாடு நடக்க நடக்கப் புல்லில் இருந்து வெட்டுக்கிளி கிளம்பும். அதைப் பிடிக்க மாட்டின் காலடியிலேயே உண்ணிக்கொக்கு நடக்கும், முதுகில் கரிச்சான் சவாரி செய்யும். அப்படியே கன்றுகளையும் கவனிக்கலாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை நிறத்தில் இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். "இது வேற மாட்டோட கன்னுக்குட்டியா?" என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு இதுதான் பதில்.

மழைக்குப் பிறகு, பனிக்காலத்தில், கோடையில்

ஒரே கொரங்காட்டுக்கு வருஷத்தில் மூன்று தடவை போனால் மூன்று வேறு இடத்துக்குப் போன மாதிரி இருக்கும்.

முதல் மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் தம்பலப்பூச்சி வெளியே வரும். சிவப்பு வெல்வெட் துணியை நறுக்கிப் போட்டது போல இருக்கும் இதைத்தான் இன்றைய அப்பாக்கள் தங்கள் சிறு வயதில் தீப்பெட்டியில் அடைத்து ஸ்கூலுக்குக் கொண்டு போனார்கள். உள்ளங்கையில் விட்டுப் பார்த்துவிட்டு அதே இடத்தில் இறக்கி விடுவது நல்லது. மண்ணுக்குள்ளேயே வாழும் இந்தப் பூச்சி மேலே வருவது வருஷத்தில் சில நாட்கள்தான், அதுவும் இரை தேடவும் இணை தேடவும்.

மழையில் புல் உயர்ந்ததும் தூக்கணாங்குருவி கூடு கட்ட ஆரம்பிக்கும். கிணற்றுக்கு மேல் சாய்ந்த கிளை, பனை ஓலை, வெள்வேல் நுனி என்று எதிரி எட்ட முடியாத இடமாகத் தேர்ந்தெடுக்கும். கட்டுவது பெரும்பாலும் ஆண் குருவிதான். பாதி கட்டியதும் நிறுத்திவிட்டு இறக்கையை அடித்துப் பெண் குருவியைக் கூப்பிடும். பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதி வேலை நடக்கும். பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு பாதியிலேயே தொங்கும். ஒரே மரத்தில் முழுக்கூடும் அரைக்கூடும் கலந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். கூட்டுக்குள் களிமண் ஒட்டி வைப்பது உண்மை. அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கு ஏற்றும் என்று சொல்லும் கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. கதை நல்ல கதை, அதனால் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லிவிடலாம்.

மார்கழி, தை மாதங்களில் விருந்தாளிகள் வருவார்கள். புல்லுக்கு மேல் தாழ்வாக, சத்தமே இல்லாமல் மிதந்து போகும் பருந்து தெரிந்தால் அது பூனைப்பருந்தாக இருக்கலாம். நம் ஊர்க் குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கே இருந்து வருவது. சாயங்காலம் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சுழன்று வானத்தில் புகை போல உருவம் மாறிக்கொண்டே பறப்பது சோளப்பட்சி. மத்திய ஆசியாவில் இனப்பெருக்கம் செய்து, குளிருக்கு இந்தியா வரும் மைனா இனம் இது.

கோடையில் ஒரு எச்சரிக்கை. வெறும் தரையில், கூழாங்கல்லோடு கல்லாக ஆட்காட்டிக் குருவி முட்டையிடும் காலம் அது. தலைக்கு மேல் ஒரு ஜோடி விடாமல் கத்திக்கொண்டு வட்டமடித்தால், காலடியில் பார்த்து வந்த வழியே திரும்பி விட வேண்டும். முட்டை எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறது.

பெயர் தெரியாவிட்டால் யாரைக் கேட்பது?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் ஆப், குரலைக் கேட்டே இது என்ன பறவை என்று ஓரளவு சொல்லிவிடும். ஆனால் அதைவிட நல்ல ஆப் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்மாயி. ஆடு மேய்த்து வளர்ந்த தலைமுறைக்கு ஒவ்வொரு குருவிக்கும் ஒரு பெயர் தெரியும், எந்தப் புல் எந்த மாதம் பூக்கும் என்று தெரியும். முட்டி வலியால் ஊட்டிக்கு வர முடியாத அவர்களும் கொரங்காட்டுக்கு வண்டியில் உட்கார்ந்து வந்துவிடலாம். இந்த மாதிரி வெளியே போவதில் மற்ற டூரில் கிடைக்காத லாபம் இது.

ஆப்பில் இருக்கும் பறவைக் குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டு நிஜப் பறவையை வரவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டை விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும்.

கடவைச் சாத்தாமல் வந்தால் என்ன ஆகும்?

கொரங்காடு தனியார் நிலம். ரோட்டில் நின்று பார்க்க யார் அனுமதியும் தேவையில்லை. உள்ளே போவதாக இருந்தால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "பசங்களுக்குக் குருவி காட்டறதுக்குங்க" என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இளநீர் வெட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. உள்ளே போனதும் கடவைச் சாத்த வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வது இல்லை. திறந்து கிடக்கும் கடவு வழியாக ஆடு வெளியே போகும், தெருநாய் உள்ளே வரும். வெள்ளகோவில், காங்கேயம் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதும் சமீப ஆண்டுகளில் தொடர்ந்து செய்தியாகி வருகிறது. வீட்டு நாயைக் கூடவே கூட்டிப் போகக் கூடாது என்பதற்கும் இதே காரணம்.

பாம்பு பயம் இருக்க வேண்டும், ஆனால் பீதி வேண்டாம். சுருட்டை விரியன் இந்த மாதிரி வறண்ட நிலத்தில்தான் வாழும். சின்னதாக இருக்கும், மண்ணோடு மண்ணாகத் தெரியாது. ஷூ போட்டுக்கொண்டு, புல்லில் இறங்காமல் ஆடு நடந்த தடத்திலேயே நடந்தால் ஆபத்து மிகக் குறைவு. கல்லைப் புரட்டுவதும் பொந்தில் கை விடுவதும் கூடாது. ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊதியூர் மலைப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று: 2023-ல் அங்கே சிறுத்தை ஆடுகளைப் பிடித்து, வனத்துறை கூண்டு வைத்துத் தேடியது. இருட்டிய பிறகு மலையடிவாரத்தில் குழந்தைகளோடு சுற்ற வேண்டாம்.

மயில் தோகையை எடுக்கலாமா?

குழந்தைகள் கட்டாயம் கேட்பார்கள். தானாக உதிர்ந்த தோகையை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத்தான் தடை. ஆனால் மயிலைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய குற்றம். 1963 முதல் தேசியப் பறவையான மயில் இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கவுதாரி பிடிப்பது, பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது இரண்டும் கூடச் சட்டவிரோதம்தான், ஊரில் சர்வசாதாரணமாக நடந்தாலும்.

அதே மயில் நிலக்கடலை, தக்காளி, சோளத்தைக் காலி செய்கிறது என்பது விவசாயிகளின் நியாயமான கோபம். நரியும் உடும்பும் குறைந்ததால் முட்டைகள் தப்பி மயில் பெருகியது என்று ஒரு விளக்கமும், சீமைக்கருவேல் புதர் ஒளிய இடம் கொடுத்தது என்று இன்னொரு விளக்கமும் சொல்லப்படுகிறது. மயிலை ரசிக்கும் குழந்தை, பக்கத்துத் தோட்டக்காரரின் நஷ்டத்தையும் தெரிந்துகொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

தண்ணீர் உள்ள இடங்கள்

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் உத்தமபாளையத்தில் வட்டமலைக்கரை ஓடை அணை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வறண்டு, முள் புதராகக் கிடந்த அணை இது. 2021-ல் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. தண்ணீர் நிற்கும் காலங்களில் கொக்கு, நாரை பார்க்கலாம். போவதற்கு முன் தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளம். சுற்றிலும் பனியன் கம்பெனிகளும் வீடுகளும் நெருக்கும் இடத்தில் சுமார் 125 ஹெக்டேர் குளம். 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அப்போது வெளியான விவரப்படி இங்கே 191 வகைப் பறவைகளும் 87 வகைப் பட்டாம்பூச்சிகளும் பதிவாகியிருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அதிர்ஷ்டம் இருந்தால் இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பட்டைத்தலை வாத்தைப் பார்க்கலாம். தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். சென்னிமலை வழியாகப் போனால் ஈரோடு மாவட்டம் வெள்ளோடு சரணாலயம். 2022-ல் அதுவும் ராம்சார் பட்டியலுக்குப் போய்விட்டது.

நொய்யல் விஷயம் வேறு. 1992-ல் விவசாயத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறிய கதை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத ஆலைகள் மட்டுமே இயங்கலாம் என்றானது அதன் பிறகுதான். நொய்யல் கரையில் பறவை பார்க்கலாம், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கி விட வேண்டாம்.

எத்தனை நாளைக்கு இருக்கும்?

கொரங்காடு குறைந்துகொண்டே வருகிறது என்பதை மெயின் ரோட்டில் போகும்போதே பார்க்கலாம். வேலி இருந்த இடத்தில் சைட் கல், வெள்வேல் நின்ற இடத்தில் காற்றாலை அல்லது சோலார் பேனல். விற்பவரைக் குறை சொல்வதும் சரியில்லை. உழவுக்கும் வண்டிக்கும் டிராக்டர் வந்த பிறகு காளைக்கு வேலை போனது; பிள்ளைகள் மில்லுக்கோ திருப்பூருக்கோ போன பிறகு ஆடு ஓட்ட ஆள் இல்லை. மேய்ச்சலில் வரும் வருமானத்தை சைட் விலையோடு ஒப்பிட முடியாது. ஆனால் வெள்ளாமை நிலமாகக்கூட மாறாமல் நேராக சிமெண்ட் தரையாகும்போது, தரையில் முட்டையிடும் கவுதாரிக்கும் ஆட்காட்டிக்கும் போக்கிடம் இல்லை.

கொரங்காட்டின் மதிப்பு காளையோடு சேர்ந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டின் மேல் ஒரு கவனம் வந்தது. குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டோடு கொரங்காட்டையும் காக்க வேண்டும் என்று தொடர்ந்து பேசி வருகிறது. இதை நேரில் உணர வேண்டும் என்றால் சித்ரா பௌர்ணமியை ஒட்டி ஓலப்பாளையம் அருகே கண்ணபுரத்தில் நடக்கும் மாட்டுச் சந்தைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். மயிலை, காரி, செவலை என்று நிறம் பார்த்துப் பெயர் சொல்லப் பழகிவிடுவார்கள்.

பொங்கலுக்கு ஒரு வேலை

2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழகம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. காணும் பொங்கலுக்கு எப்படியும் வெளியே போகிற குடும்பங்கள் இதில் சேர்ந்துகொள்ளலாம், கட்டணம் எதுவும் இல்லை. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எத்தனை என்பதையும் எழுதி, இ-பேர்ட் ஆப்பில் ஏற்றினால் முடிந்தது. சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. வீட்டு மாடி, தறிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரம், கொரங்காட்டு வேலியோரம் எதுவும் சரி. ஒரு பிள்ளை எண்ண, இன்னொரு பிள்ளை நோட்டில் எழுதலாம். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடலாம். காக்காயையும் மைனாவையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.